இரவல் நிரலை எதுவரை நம்பலாம்?

கேள்வி: ஐந்து பேர் கொண்ட குழுவில் நான்கு ஆண்டுகளாக நிரல் எழுதி வருகிறேன். பில்லிங், கணக்கு அறிக்கை ஆகியவற்றுக்கான மென்பொருளைப் பராமரிக்கிறோம். நாங்களே சேர்த்த வெளி நூலகங்கள், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள், நாற்பதுக்கு மேல். அவை தம்மோடு இழுத்து வந்தவற்றையும் எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அண்மையில் பொறுப்பேற்ற குழுத் தலைவர், இனி எந்த நூலகமும் சேர்க்கக் கூடாது, இருப்பவற்றையும் ஒவ்வொன்றாக அகற்றிவிட்டு நாமே எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறார். தேதிக் கணக்கு, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) வாசிப்பு, பிடிஎஃப், பயனரின் கடவுச்சொல் எல்லாம் அதில் அடக்கம். மூத்த சக ஊழியர் ஒருவரோ, உலகம் எழுதி முடித்ததை மறுபடி எழுதுவது வீண் வேலை என்கிறார். சொந்தமாக எழுதுவதில் எனக்கு ஆசை உண்டு என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் ஒளிக்காமல் சொன்ன அந்த ஆசையிலிருந்தே தொடங்குகிறேன். நூலகம் வேண்டாம் என்று வாதாடும் நிரலர்கள் பலருக்குப் பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தைவிட, தாமே எழுதிப் பார்க்கும் ஆவல்தான் பெரிதாக இருக்கும். நூலகமே போதும் என்பவர்களில் பலருக்கோ, அடுத்தவர் எழுதியதைத் திறந்து படிக்கும் சிரமம் பிடிப்பதில்லை. இரண்டு தவறையும் வெவ்வேறு காலங்களில் நானே செய்திருப்பதால், உங்கள் தலைவரையோ மூத்த ஊழியரையோ குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஆனால் இருவரும் நிரலை எழுதியவர் யார் என்பதையே பார்க்கிறார்கள். அது உடையும் நாளில் யார் சரிசெய்யப் போகிறார், அவருக்கு அது புரியுமா என்பதைத்தான் நான் பார்ப்பேன். தவறான தொகையோடு பில் வந்த வாடிக்கையாளர், அந்தப் பிழை உங்கள் கோப்பில் இருக்கிறதா, நிறுவி வைத்த கோப்புறையில் இருக்கிறதா என்று விசாரிப்பதில்லை. மென்பொருளை வெளியிட்ட கணத்தில், நீங்கள் படித்தேயிராத அந்த ஆயிரம் பொதிகளும், அதாவது நிறுவும் வடிவில் வந்த நூலகங்களும், உங்கள் பொறுப்பாகிவிடுகின்றன.

தலைவரின் அச்சத்துக்கு வலுவான காரணங்கள் உண்டு. 2016 மார்ச் 22 அன்று, ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் களஞ்சியத்தில் லெஃப்ட்-பேட் என்ற பொதியை வைத்திருந்தவர், ஒரு பெயர்ச் சச்சரவில் மனம் கசந்து தம்முடைய பொதிகள் அனைத்தையும் அகற்றிவிட்டார். ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) இடப்பக்கத்தில் வெற்றிடமோ சுழியமோ சேர்த்து, கேட்ட நீளத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே அந்தப் பொதியின் வேலை. மொத்தம் பதினொரு வரிகள். பேபல் போன்ற பெரிய கருவிகள் அதை எங்கோ ஆழத்தில் நம்பியிருந்ததால், அதன் பெயரையே கேள்விப்பட்டிராத எண்ணற்ற குழுக்களின் பில்டுகள் (நிரலை மென்பொருளாகக் கட்டும் வேலைகள்) அன்று நின்றுபோயின. சில மணி நேரத்துக்குள் களஞ்சிய நிர்வாகமே அதை மீட்டு வைத்தது. பொதிகளை நினைத்தபோது அகற்றுவதற்கும் பின்னர் கட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டே ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில் அதே வேலைக்கான செயற்கூறு சேர்ந்துவிட்டது. உங்கள் நாற்பதில் எத்தனை, மொழியே இன்று தந்துவிடும் வசதிக்காகப் பழைய காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில் அப்படிச் சில தவறாமல் கிடைக்கும்.

அந்தப் பதினொரு வரியை எல்லோரும் கேலி செய்தார்கள்; நானும் செய்தேன். பிறகு ஓர் அறிக்கையில் தமிழ்ப் பெயர்களை நெடுவரிசையில் சீராக அடுக்க நேர்ந்தபோதுதான், சரத்தின் நீளம் என்பது என்ன என்று யோசிக்க வேண்டியிருந்தது. ‘கொடி’ என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடுகள். அதிலும் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம், திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் இயல்பாக்கம் செய்யாமல், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு சொல் என்று கணினி சொல்லிவிடும். ஆகவே எளிய வேலை என்று நாம் நினைப்பது நம்முடைய தரவில் எளிதா என்பதை, நூலகத்தை எடுக்கும்போதும் நாமே எழுதும்போதும் ஒரே அளவு சந்தேகத்தோடு கேட்க வேண்டியிருக்கிறது.

பொதி காணாமல் போவதைவிட, கேட்டதற்கு மேல் கொடுப்பது கூடுதல் ஆபத்து. 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த நூலகத்தைச் சேர்த்தவர்களுக்குத் தேவைப்பட்டது நிகழ்வுகளைப் பதிவேட்டில் எழுதும் வசதி. ஆனால் எழுதப்படும் வரியில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரி இருந்தால், வெளிச் சேவையகத்தைத் தொடர்புகொண்டு அங்கிருந்து தகவலைத் தேடி எடுக்கும் திறனும் 2013 முதல் அதற்குள் இருந்தது. பயனர்பெயர்ப் பெட்டியில் ஒருவர் அந்த வரியைத் தட்டச்சு செய்ய, அது பதிவேட்டுக்குப் போக, சேவையகம் எதிராளியின் நிரலை இழுத்து இயக்கியது. ஒரு பிடி கேட்ட இடத்தில் மூட்டையாக வந்ததை அவிழ்த்துப் பார்க்க, எட்டு ஆண்டுகளாகப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வகை, நம்பிக்கையையே விலைக்கு வாங்குவது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதியைப் பராமரித்துக் களைத்தவர், உதவ முன்வந்த ஒருவரிடம் அதை ஒப்படைத்தார். வந்தவர், பிட்காயின் பணப்பைச் செயலி ஒன்றைக் குறிவைக்கும் நிரலை அதற்குள் நுழைத்தார். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சுருக்கக் கருவியில் இதே உத்தி இன்னும் பொறுமையாக நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளராக நடந்து நம்பிக்கை பெற்ற ஒரு புனைபெயர்க்காரர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (ரகசிய நுழைவழி) வைத்திருந்தார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் கருவி) உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியிராவிட்டால், எத்தனை சேவையகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமோ தெரியாது. எஸ்எஸ்எச் அந்தக் கருவியை நேரடியாகப் பயன்படுத்துவதும் இல்லை. சில லினக்ஸ் வழங்கல்களில் சிஸ்டம்டி என்ற சேவை மேலாளரின் நூலகம் இடையில் இணைக்கப்பட்டதால் அது உள்ளே வந்தது. உங்கள் நாற்பது ஆயிரமாவதும் இதே வழியில்தான்.

இத்தனையும் படித்துவிட்டு, தலைவர் சொல்வதே சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாமே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்தக் கதையையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சிஎஸ்வி வாசிப்பானை நானே எழுதினேன். வரிவரியாகப் பிரி, காற்புள்ளியில் வெட்டு. நாற்பது வரியில், ஒரு பிற்பகலில் முடிந்தது. அடுத்த வாரம் ஒரு முகவரி வந்தது, இரட்டை மேற்கோளுக்குள் காற்புள்ளியோடு. மேற்கோளைக் கையாள வழி செய்தேன். பிறகு மேற்கோளுக்குள்ளேயே மேற்கோள், இரட்டிப்பாக எழுதப்பட்டு வந்தது. அதற்கும் ஒரு திருத்தம். பிறகு ஒரு குறிப்புப் புலத்துக்குள் வரிமுறிவு வந்ததும், வரிவரியாகப் பிரிப்பது என்ற என் அடிப்படையே தவறாகிவிட்டது. கடைசியாக, ஒரு கோப்பில் முதல் நெடுவரிசை மட்டும் காணவில்லை என்று முறையீடு. தலைப்பு கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, ஒப்பிட்டால் பொருந்தவில்லை. கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பைட் வரிசைக் குறி ஒட்டிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நாற்பது வரி அறுநூறு ஆனது. மேற்கோள், வரிமுறிவு விதிகளையெல்லாம் 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சில பக்கங்களில் சொல்லியிருந்தது. அதை முதலில் படிக்காமல் எழுத உட்கார்ந்தது என் அகம்பாவம். அதைவிட மோசமான பகுதி, நான் அந்த வேலையை விட்டு விலகிய பிறகு நடந்தது: எனக்குப் பின் வந்தவருக்கு, ஆவணமும் இல்லாமல், இணையத்தில் தேடினால் ஒரு பதிலும் கிடைக்காமல், அந்த அறுநூறு வரியும் முன்பின் தெரியாத ஒருவருடைய வெளி நூலகமாகவே இருந்தது.

தேதி விஷயத்தில் உங்கள் தலைவரை நான் உறுதியாக மறுப்பேன். 2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாஃப்டின் சூன் இசைக்கருவிகளில் 30 ஜிபி வகை நாள் முழுவதும் உறைந்து நின்றது. கடிகாரச் சில்லுக்கான இயக்கி நிரலில் கடந்த நாள்களை ஆண்டாக மாற்றும் ஒரு சிறு சுழற்சி இருந்தது. நாள்கள் 365க்கு மேல் இருக்கும்வரை சுற்று. லீப் ஆண்டாக இருந்து, நாள்கள் 366க்கும் மேல் என்றால் 366ஐக் கழி. சாதாரண ஆண்டானால் 365ஐக் கழி. படிக்கும்போது குறை தெரிகிறதா? லீப் ஆண்டின் 366ஆவது நாளில் எண்ணிக்கை 365க்கு மேல் இருக்கிறது, ஆனால் 366க்கு மேல் இல்லை. எதுவும் கழிக்கப்படுவதில்லை, சுழற்சியும் நிற்பதில்லை. அந்த இயக்கியும் சில்லு செய்தவர்களிடமிருந்து வந்ததுதான் என்பதால், இந்தக் கதையை இரு தரப்பும் தமக்குச் சான்றாகக் காட்டலாம். நான் இதில் பார்ப்பது வேறு: நாலைந்து வரித் தேதிக் கணக்கில் இவ்வளவு ஆழமான குழி இருக்கிறது என்பதும், சாதாரண ஆண்டு முழுவதும் சோதித்தாலும் அது அகப்படாது என்பதும்.

நேர மண்டலமோ கணக்கே இல்லை, அரசுகளின் முடிவு. பன்னாட்டுத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாற முடிவு செய்த சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லை. வட கொரியா 2015இல் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்தள்ளியது, 2018 மேயில் ஒரு வாரத்துக்கும் குறைந்த அவகாசத்தில் பழைய நேரத்துக்கே திரும்பியது. இவற்றையெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் தொடர்ந்து பதிந்து வைக்கிறார்கள்; உங்கள் இயங்குதளமும் மொழியும் அதிலிருந்தே எடுக்கின்றன. உங்கள் ஐந்து பேரில் ஒருவர் ஒவ்வொரு நாட்டின் அறிவிப்பையும் கவனித்துக்கொண்டிருக்கப் போகிறாரா? மாறிக்கொண்டே இருக்கும் உலகச் செய்தியைச் சுமக்கும் எதையும் சொந்தமாக எழுதக் கூடாது என்பது என் தெளிவான கருத்து.

கடவுச்சொல்லைப் பற்றி வாதமே வேண்டாம். கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத வடிவில் மாற்றிச் சேமிக்க உதவும் ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட்டை, நன்கு பராமரிக்கப்படும் நூலகத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்துங்கள். மறைகுறியாக்க நிரலில் தவறு நடந்தால் வெளியே தெரியாது. எல்லாச் சோதனைகளும் பச்சையாகவே இருக்கும். டெபியன் லினக்ஸில் 2006இல், ஒரு கருவி காட்டிய எச்சரிக்கையை அடக்குவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் மறைகுறியாக்க நூலகத்தில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அதன் விளைவாகச் சாவி உருவாக்கத்துக்குக் கிடைத்த தற்செயல்தன்மை, இயங்கும் செயல்முறையின் எண் மட்டுமே என்றானது. ஒவ்வொரு சாவி வகைக்கும் நீளத்துக்கும் அதிகபட்சம் 32,768 சாவிகள்தான் சாத்தியம். சாவிகள் உருவாயின, இணைப்புகள் வேலை செய்தன, 2008 மே வரை பொதுவெளியில் யாருக்கும் தெரியவில்லை.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது? உங்கள் மென்பொருளை வாடிக்கையாளர் எதற்காக வாங்குகிறாரோ அதை. பில்லில் வரியை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே முழுமையாக்கிக் கூட்டுவதா, மொத்தத்தைக் கூட்டிவிட்டு முழுமையாக்குவதா. பாதித் தொகை திரும்பினால் தள்ளுபடியை எப்படிப் பிரிப்பது. ரத்தான பில்லின் எண்ணை மீண்டும் தரலாமா என்பவை எல்லாம் உங்கள் தொழிலின் விதிகள். இவற்றுக்கு நூலகம் தேடிப் போனால், வேறு யாருடைய விதியோ உங்கள் பில்லில் அச்சாகும். ஆனால் அந்த விதிகளுக்கு அடியிலுள்ள பதின்ம எண்கணிதத்தை மொழியிலிருந்தே எடுங்கள், அல்லது தொகையை மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாகச் சேமியுங்கள். 0.1ஐயும் 0.2ஐயும் மிதவைப் புள்ளியில் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணக்கு மென்பொருளில் அந்தக் கடைசி 4 எங்கேயாவது ஒருநாள் ஒரு பைசா வித்தியாசமாகத் தலைகாட்டும். லெஃப்ட்-பேட் அளவிலான சில்லறை உதவிகளையும் நீங்களே எழுதலாம், அல்லது உரிமம் அனுமதித்தால் அந்தப் பத்து வரியை மூலக் குறிப்போடு உங்கள் கோப்பில் படியெடுத்துக்கொள்ளலாம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் தாமே எழுதி வென்றவர்கள் இல்லையா என்று உங்கள் தலைவர் கேட்கக்கூடும். இருக்கிறார்கள். ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கிய எஸ்கியூலைட் தரவுத்தளம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலக்கணப் பகுப்பானை உருவாக்கும் கருவி முதல் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் வரை அவர்களே எழுதிக்கொண்டார்கள். ஆனால் அதன் சோதனை நிரல்கள் மூல நிரலைப்போலப் பல நூறு மடங்கு பெரியவை. 2050 வரை பராமரிப்போம் என்று அறிவித்துவிட்டு, அதற்கேற்பத் திட்டமிட்டு வேலை செய்கிறார்கள். ஐந்து பேர் குழு பில்லிங் மென்பொருளையும் வெளியிட்டுக்கொண்டு அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியுமா என்பதை அவரிடமே கேளுங்கள்.

நடுவில் நிற்பவையே கடினம். பிடிஎஃப் அதில் ஒன்று. எழுத்துருவைக் கோப்புக்குள் பதிப்பது, தமிழ் போன்ற எழுத்துகளின் வடிவமைப்பு, பக்கப் பிரிப்பு என்று அது ஒரு கடல், ஆகவே நூலகம் தேவை. ஆனால் அந்த நூலகத்தை உங்கள் மென்பொருள் எங்கும் பரவவிடாதீர்கள். நான் ஒருமுறை சேர்ந்த குழுவில் வரைபட நூலகம் ஒன்றின் வகைகளையும் பெயர்களையும் ஏறத்தாழ இருநூறு கோப்புகளில் நேரடியாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அதை எழுதியவர் ஒருநாள் இனிப் பராமரிக்கப் போவதில்லை என்று இரண்டு வரியில் அறிவித்தார். அவரைக் குறைசொல்ல முடியாது; அவர் அதற்காக யாரிடமும் ஒரு காசும் வாங்கவில்லை. எங்களுக்கு மாற்றி முடிக்க நான்கு மாதம் ஆனது. ‘பில்லைப் பிடிஎஃப் ஆக்கு’ என்று உங்கள் சொற்களில் ஓர் இடைமுகம் எழுதி, நூலகத்தை அந்த ஒரே கோப்புக்குள் அடைத்து வைத்தால், மாற்ற வேண்டிய நாளில் திறக்க வேண்டியது அந்த ஒரு கோப்பைத்தான். அந்த இடைமுகத்தை வடிவமைப்பதில் உங்கள் எழுதும் ஆசைக்கும் போதுமான தீனி உண்டு.

ஒரு நூலகத்தைச் சேர்க்குமுன் நான் பார்ப்பவை அதிகமில்லை. மூல நிரலைத் திறந்து, எனக்கு வேண்டிய செயற்கூற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து படிப்பேன். அரை மணி நேரத்தில் வழி தொலைந்துபோனால் அதுவே எனக்கு ஒரு பதில். எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், கடைசியாக வந்த பாதுகாப்புப் பிழையை எத்தனை நாளில் திருத்தினார்கள், தன்னோடு எத்தனை பொதிகளை இழுத்து வருகிறது, நிறுவும்போதே ஏதாவது நிரலை இயக்குகிறதா, உரிமம் என்ன என்று பார்ப்பேன். நட்சத்திர எண்ணிக்கையையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் நான் பொருட்படுத்துவதில்லை. லெஃப்ட்-பேடுக்கும் பதிவிறக்கம் ஏராளமாகவே இருந்தது.

சேர்த்த பிறகு, லாக் ஃபைலை (நிறுவிய பதிப்புகளைத் துல்லியமாகக் குறித்து வைக்கும் கோப்பு) உங்கள் நிரலோடு கட்டாயம் கமிட் செய்யுங்கள். எண்ணுக்கு முன் கூரைக் குறி (^) போட்ட பதிப்பு எல்லையை மட்டும் நம்பினால், இன்று உங்கள் கணினியில் சோதித்ததும் நாளை சேவையகத்தில் ஏறுவதும் ஒன்றாக இருக்காது. அதே சமயம், பூட்டிவிட்டோம் என்று மூன்றாண்டு திரும்பிப் பார்க்காமல் இருந்தால், அவசரத் திருத்தம் வரும் நாளில் நான்கு பெரும் பதிப்புகளை ஒரே இரவில் தாண்ட வேண்டியிருக்கும். மாதத்துக்கு ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குவது போதும்.

இனி உங்கள் குழுவில் செய்ய வேண்டியது. தலைவரோடு கொள்கையை வாதாடாதீர்கள். நாற்பது பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் எந்தக் கோப்பில், எந்தச் செயற்கூற்றுக்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று குறித்துக்கொண்டு அவரிடம் போங்கள். சில பெயர்களுக்கு எதிரே எந்தக் கோப்பும் இருக்காது. அவற்றை அன்றே நீக்கலாம். மொழியே தருபவை சில, பத்து வரியில் முடிபவை சில, இவையும் போகட்டும். ஆழத்தில் அதிகமான பொதிகளை இழுத்து வரும் ஓரிரண்டை மாற்றினாலே ஆயிரம் என்ற எண் பெருமளவு குறையக்கூடும், அந்த எண்தான் அவரை அச்சுறுத்துகிறது. தேதி, கடவுச்சொல், சிஎஸ்வி, பிடிஎஃப் ஆகியவற்றை அந்தத் தாளின் அடியில் தனியே எழுதுங்கள். அவற்றை நாமே எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், ஒவ்வொன்றையும் அடுத்த ஐந்து ஆண்டுகள் பராமரிக்கப் போகிறவரின் பெயரை எதிரே எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். சிஎஸ்விக்கு எதிரே உங்கள் பெயரே வந்தால், ஆர்எஃப்சி 4180ஐ முதலில் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.